குதிகாலில் மட்டும் சொதப்பும் பேனல்: மூன்றரை வருட அனுபவம்

ஆரணியில் எக்ஸ்ரே சென்டர் வைத்திருக்கும் நண்பன் போன வாரம் போன் செய்தான். "இன்னா மச்சி, எக்ஸ்ரே பேனல் விலையெல்லாம் இறங்கிடுச்சே. நீ வெச்சிருக்கிறியே அதே மாடல், நீ குடுத்ததுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் சொல்றாங்க. வாங்கலாமா, வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லு." முக்கால் மணி நேரம் பேசினேன். பேசி முடித்தும் பாதிதான் சொன்ன மாதிரி இருந்தது. மீதி இங்கே.

என் சென்டர் குடியாத்தத்தில். பழைய 300 எம்.ஏ. மெஷின், பழைய டேபிள். மூன்றரை வருடத்துக்கு முன் ஒவ்வொரு படத்துக்கும் ரீடரில் போட்டுப் படிக்கவேண்டிய சி.ஆர். கேசட்டுகளை ஓரங்கட்டிவிட்டு, எக்ஸ்ரேயை வாங்கி நேராகத் திரைக்குப் படமாக அனுப்பும் இந்த வயர்லெஸ் பேனலைப் போட்டேன். 14-க்கு 17 இன்ச் சைஸ், எக்ஸ்ரேயை ஒளியாக்க சீசியம் அயோடைடு, 140 மைக்ரான் பிக்சல் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). மற்ற விவரமெல்லாம் விளம்பரத் தாளில் பளபளவென்று இருக்கிறது.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் கோபத்தில் மறந்துவிடும். படம் சில நொடியில் திரைக்கு வந்துவிடுகிறது. கேசட்டைத் தூக்கிக்கொண்டு ரீடருக்கு ஓடும் வேலை இல்லை. பிளேட்டில் விழுந்த கீறலைப் பார்த்து டாக்டர் எலும்பில் விரிசலோ என்று சந்தேகப்படுவதும் நின்றது. குழந்தைகளுக்கு எம்.ஏ.எஸ்., அதாவது கதிரின் அளவை, கணிசமாகக் குறைத்துவிட்டேன். நெஞ்சுப் படம் பிரமாதம். பேரணாம்பட்டு பக்கத்தில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்ப்பவர்கள், பீடி சுற்றும் பெண்கள் என்று தினமும் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நெஞ்சுதான். அந்தப் படத்தில் இதுவரை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. கத்திரி வெயிலில் கரண்ட் போய் ஏ.சி. நின்ற ஒரு மதியம் பேனல் சூடு தாங்கவில்லை என்று எச்சரிக்கை காட்டியது. அது பேனல் குற்றமில்லை, எங்கள் ஊர் குற்றம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குதிகால்.

எங்கள் பக்கத்தில் குதிகால் உடைந்து வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், சாரத்திலிருந்து குதித்தவர், தண்ணீர் வற்றிய கிணற்றில் இறங்கும்போது வழுக்கியவர். உயரத்திலிருந்து காலை ஊன்றி விழுந்தால் முதலில் நொறுங்குவது குதிகால் எலும்புதான். அதற்குப் பக்கவாட்டுப் படம் ஒன்று, ஆக்சியல் படம் ஒன்று எடுப்போம். ஆக்சியலுக்கு ஆளைப் படுக்கவைத்து, குதிகாலுக்குக் கீழே பேனலைக் கிடத்தி, எக்ஸ்ரே வரும் டியூபைத் தலைப்பக்கம் பார்க்க 40 டிகிரி சாய்க்கவேண்டும். பேனல் வந்த இரண்டாவது மாதமே எலும்பு டாக்டரிடமிருந்து போன். "என்னப்பா, ஆளை ஆடாம பிடிக்கக் கூடாதா? விரிசல் கோடு எங்க முடியுதுன்னே தெரியலையே."

ஆள் ஆடியிருப்பார், வலி இருக்கும் என்று நினைத்தேன். அடுத்தவருக்கு மணல் மூட்டை வைத்தேன். அதே புகார். அதற்கடுத்தவர் ஆடவே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன், மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். அப்போதும் டாக்டர் அதையே சொன்னார். நெஞ்சுப் படத்தில் நூலிழை அளவு நுணுக்கமெல்லாம் காட்டுகிற பேனல், குதிகாலில் மட்டும் கண்ணாடி கழற்றிய தாத்தா மாதிரி பார்த்தது.

விற்றவரைக் கூப்பிட்டேன். சென்னையிலிருந்து சர்வீஸ் ஆள் வந்தார், கேலிபரேஷன் செய்தார், பில் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார், மறுபடி கேலிபரேஷன், மறுபடி பில். மூன்றாவது தடவை, "சார், பேனல்ல ஒண்ணும் இல்ல. உங்க டியூப்ல ஃபோக்கல் ஸ்பாட் தேஞ்சிருக்கும். டியூப் மாத்திடுங்க" என்றார். ஃபோக்கல் ஸ்பாட் என்பது டியூபுக்குள் எக்ஸ்ரே கிளம்பும் சின்னப் புள்ளி, அது பெரிதானால் படம் மங்கும். டியூப் என்ன விலை என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். நானும் நம்பினேன். நகையை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போவதைப் பற்றி வீட்டில் பேச்சுகூட எடுத்துவிட்டேன்.

காப்பாற்றியது ஒரு ஈய எழுத்து. இடது கால் என்று அடையாளம் காட்ட, பேனல் மேல் ஒட்டுவோமே 'எல்' எழுத்து, அதுதான். ஒரு நாள் ராத்திரி சென்டரை மூடும் முன் பழைய குதிகால் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'எல்' எழுத்தின் நிற்கும் கோடு கத்தி மாதிரி இருந்தது. படுத்திருக்கும் கோடு மட்டும் மழுங்கியிருந்தது. அடுத்த படம் பார்த்தேன், அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. நெஞ்சுப் படங்களைத் திறந்தேன், அங்கே இரண்டு கோடும் கத்தி.

யோசித்துப் பாருங்கள். ஆள் ஆடலாம், ஈய எழுத்து ஆடாது. அது பேனல் மேலேயே ஒட்டியிருக்கிறது, அதனால் ஃபோக்கல் ஸ்பாட் பெரிதாக இருந்தாலும் அதன் விளிம்பு இவ்வளவு மங்காது. ஃபோக்கல் ஸ்பாட்டின் மங்கல் பொருளுக்கும் பேனலுக்கும் இடைவெளி இருந்தால்தான் வளரும். ஆக, ஆளும் தப்பு செய்யவில்லை, டியூபும் தப்பு செய்யவில்லை. டியூப் சாய்ந்த திசையை ஒட்டிப் போகும் விளிம்பு கூர்மையாக இருக்கிறது, அதற்குக் குறுக்கே போகும் விளிம்பு மழுங்குகிறது. சாய்வுதான் வில்லன்.

அந்த வருடம் தரச் சோதனைக்கு வந்தவரிடம் கோட்டுத் தகடு இருந்தது. ஈயத்தில் நெருக்க நெருக்கமாகக் கோடு வெட்டியிருக்குமே, மில்லிமீட்டருக்கு எத்தனை ஜோடி பிரிந்து தெரிகிறது என்று பார்க்க. டீ வாங்கிக் கொடுத்து அரை மணி நேரம் அவரை நிறுத்திக்கொண்டேன். தகட்டைப் பேனல் நடுவில் ஒட்டி, டியூபை நேராக வைத்து எடுத்தபோது 3.1 வரை கோடுகள் பிரிந்தன. 140 மைக்ரான் பிக்சலுக்குக் கணக்குப்படி உச்ச வரம்பே 3.57தான், அதனால் இது நல்ல மார்க். டியூபை 40 டிகிரி சாய்த்து, கோடுகள் சாய்வுக்குக் குறுக்கே வருமாறு வைத்து எடுத்தேன். 2.2-க்கு மேல் எல்லாம் ஒரே சாம்பல் பட்டை. தகட்டைத் தொண்ணூறு டிகிரி திருப்பி எடுத்தேன், மறுபடி 3.1. அவர் தலையைச் சொறிந்தார். "நாங்க நேரா வெச்சுத்தான் பாப்போம்" என்றார். எல்லோரும் நேராக வைத்துத்தான் பார்க்கிறார்கள், அங்கேதான் சிக்கலே. விளம்பரத் தாளில் போடும் கூர்மை எண்ணை அளக்க ஐ.இ.சி. 62220-1 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அதிலும் கதிர் பேனலுக்குச் செங்குத்தாகத்தான் விழவேண்டும். தாளில் பொய் இல்லை. ஆனால் என் குதிகால் அந்தத் தாளில் இல்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பது அதற்கப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது. இந்த சீசியம் அயோடைடைப் பேனலுக்குள் ஊசி ஊசியாக வளர்த்திருப்பார்கள். ஒவ்வொரு ஊசியும் 5 முதல் 10 மைக்ரான் தடிமன். உயரம் இந்த மாதிரிப் பேனலில் அரை மில்லிமீட்டர் அளவு. குடியாத்தத்துக்காரனுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், தீக்குச்சிகளைக் கட்டாகக் கட்டி நிமிர்த்தி வைத்தது போல. எக்ஸ்ரேயின் ஒரு துகள், அதாவது ஃபோட்டான், ஏதோ ஓர் ஆழத்தில் ஒரு குச்சிக்குள் நின்று ஒளியாக மாறும். அந்த ஒளி பெரும்பாலும் அதே குச்சி வழியாகக் கீழே இறங்கி, அடியில் இருக்கும் பிக்சலில் விழும். சில ஃபோட்டான்கள் மேலேயே நின்றுவிடும், சில அடி வரை போகும். கதிர் நேராக வந்தால் இந்த ஆழ வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. மேலே நின்றாலும் கீழே நின்றாலும் அதே குச்சி, அதே பிக்சல்.

கதிர் சாய்ந்து வந்தால் கதை வேறு. ஒரே கோட்டில் வரும் ஃபோட்டான்களில் மேலே நின்றவை ஒரு குச்சியில், ஆழத்தில் நின்றவை பத்து முப்பது குச்சி தள்ளி. ஒரு புள்ளியாக விழவேண்டியது சாய்ந்த திசையில் ஒரு கோடாக இழுபடுகிறது. குறுக்குத் திசையில் எந்த நகர்வும் இல்லை. ஈய 'எல்' காட்டிக்கொடுத்தது இதைத்தான்.

எவ்வளவு இழுபடும் என்பதற்குப் பத்தாம் வகுப்பில் எதற்கென்றே தெரியாமல் மனப்பாடம் செய்த டேன் போதும். தடிமனை டேன் கோணத்தால் பெருக்கவேண்டும். கழுத்தெலும்பு நேர்ப் படத்துக்கு 15 டிகிரி சாய்ப்போம், 500 மைக்ரான் தடிமனில் அது 134 மைக்ரான், கிட்டத்தட்ட ஒரு பிக்சல். மண்டைக்கு டவுன்ஸ் வியூவில் 30 டிகிரி, 289 மைக்ரான், இரண்டு பிக்சல். குதிகாலின் 40 டிகிரியில் 420 மைக்ரான், முழுசாக மூன்று பிக்சல். பெரும்பாலான ஃபோட்டான்கள் மேல் பகுதியிலேயே நின்றுவிடுவதால் கண்ணுக்குத் தெரியும் மங்கல் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் கே.வி.யை, அதாவது டியூபின் மின்னழுத்தத்தை, ஏற்றினால் ஃபோட்டான்கள் ஆழமாகப் போகும், மங்கலும் சேர்ந்து ஏறும். நெஞ்சுப் படம் ஏன் தப்பித்தது என்பதும் இதே கணக்குதான். 180 செ.மீ. தூரத்தில் பேனலின் ஓரத்தில்கூடக் கதிர் 7 டிகிரிக்கும் குறைவாகத்தான் சாய்கிறது. நகர்வு 60 மைக்ரான், அரைப் பிக்சலுக்கும் கீழே. யார் கண்ணுக்குத் தெரியப் போகிறது?

இன்னொரு விஷயம் என்னை ரொம்ப நாள் குழப்பியது. குதிகால் படத்தில் எலும்பு மழுங்கியிருக்கும், ஆனால் பின்னணியில் இருக்கும் மணல் மணலான இரைச்சல் நெஞ்சுப் படத்தில் இருப்பது போலவே கூர்மையாக இருக்கும். சர்வீஸ் ஆள் அந்த மணலைக் காட்டித்தான் "பேனல் நல்லாருக்கு சார்" என்று அடித்துச் சொன்னார். ஒருவகையில் அவர் சொன்னது சரிதான். ஒவ்வொரு ஃபோட்டானும் தனியாக ஒரு இடத்தில் நின்று தன் புள்ளியை வைக்கிறது, அந்தப் புள்ளி சாய்வால் பெரிதாவதில்லை. புள்ளி விழும் இடம்தான் தப்பாகிறது. அதனால் எலும்பின் கோடு கலைகிறது, மணல் அப்படியே நிற்கிறது. சாஃப்ட்வேரில் கூர்மையை ஏற்றிப் பார்த்தேன். கோடு கொஞ்சம் வந்தது, மணல் கொத்துக் கொத்தாக வந்தது. டாக்டர் "இது என்னப்பா, ரவை உப்புமா?" என்றார். அத்தோடு அந்த முயற்சியை விட்டேன்.

நியாயமாகப் பார்த்தால் இந்தப் பேனலை மட்டும் குறை சொல்ல முடியாது. ஃபிலிம் காலத்திலும் சாய்த்தால் மங்கும். ஃபிலிமின் இரு பக்கமும் மருந்து, இரு பக்கமும் ஒளிரும் ஸ்கிரீன், சாய்ந்த கதிரில் இரண்டு படமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராது. சி.ஆரில் நேராக எடுத்தாலே படம் கொஞ்சம் மொழுக்கென்றுதான் இருக்கும், அதனால் சாய்வின் குற்றம் தனியாகத் தெரியவில்லை. இந்தப் பேனல் நேரில் அவ்வளவு கூர்மை காட்டிப் பழக்கிவிட்டது, அதனால்தான் சாய்வில் வலிக்கிறது. ஊசிகளைக் குட்டையாக்கினால் மங்கல் குறையும், ஆனால் எக்ஸ்ரே பாதி நிற்காமல் கடந்து போகும், டோஸ் ஏற்றவேண்டும். செலினியம் பேனல் இருக்கிறதே என்று ஒருவர் சொன்னார். அதில் ஒளியே கிடையாது, மின்னூட்டத்தை மின்புலம் நேராகக் கீழே இழுக்கும், அதனால் நேர்ப் படம் அபாரக் கூர்மை. ஆனால் எலும்பு, நெஞ்சு எடுக்கிற செலினியம் பேனலுக்கு ஒரு மில்லிமீட்டர் வரை தடிமன் வேண்டும். சாய்த்தால் அதுவும் இதே பாட்டைத்தான் பாடும், இன்னும் சத்தமாக.

கதிரை வளைத்து நேராக்கவும் வழியில்லை. 1895-இல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்ஜனே பட்டகம், லென்ஸ் எல்லாம் வைத்து வளைக்கப் பார்த்துத் தோற்றவர். கதிர் வளையாது என்றால் பேனல்தான் வளைந்து கொடுக்கவேண்டும். அதாவது சாயவேண்டும்.

பஜார் தெருவில் எனக்குத் தெரிந்த தச்சரிடம் போய் பிளைவுட்டில் ஒரு சரிவுப் பலகை செய்யச் சொன்னேன். "சாமி படம் வைக்கவா?" என்று கேட்டார். முதலில் முழு 40 டிகிரிக்குச் செய்தோம். அதில் பேனலின் தலைப்பக்கம் இருபத்தைந்து செ.மீ. எழும்பிவிடுகிறது, காலையும் அந்த உயரத்துக்குத் தூக்கி நேராகப் படுக்கவைக்கவேண்டும். உடைந்த குதிகாலோடு வந்தவரிடம் அதைச் செய்தால் அவர் நம்மை உதைக்க நல்ல காலை உபயோகிப்பார். ஒரு படம் மட்டும் எடுத்தேன், கூர்மை அள்ளியது. டாக்டர் பார்த்துவிட்டு, "கோடு நல்லா தெரியுது, ஆனா எலும்பு ஏன் குட்டையா இருக்கு?" என்றார். அதுவும் சரிதான். கிடந்த பேனலில் 40 டிகிரி சாய்ந்த நிழல் கிட்டத்தட்ட 30 சதவீதம் நீண்டுதான் விழும். அந்த நீட்டலுக்கே அவர் கண் இருபது வருடமாகப் பழகியிருந்தது.

கடைசியில் 20 டிகிரி பலகைக்கு வந்து நின்றோம். டியூப் அதே 40 டிகிரி, பேனல் 20 டிகிரி எதிர்கொண்டு நிற்கிறது, மிச்சச் சாய்வு 20தான். நகர்வு 420-லிருந்து 182 மைக்ரானாக இறங்கியது. கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை, பாரம் பேனல் மேல் விழாது. குதிகாலுக்கும் பேனலுக்கும் நாலு விரல் இடைவெளி வருகிறது, சின்ன ஃபோக்கஸ் போட்டால் அதனால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. டாக்டர் இப்போது போன் செய்வதில்லை. அவர் போன் செய்யாமல் இருப்பதுதான் பாராட்டு.

டவுன்ஸ் வியூவுக்கு வழி கிடைக்கவில்லை. மண்டைக்குச் சிதறும் கதிரை வடிகட்டும் கிரிட் வேண்டும், பேனல் டேபிளுக்கு அடியில் இருக்கும் பக்கி என்ற டிரேக்குள் போய்விடுகிறது, அங்கே பலகையை நுழைக்க முடியாது. நல்லவேளை, மண்டைக்கு இப்போது எல்லோரும் சி.டி.க்குத்தான் ஓடுகிறார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டேனே, இனி தீர்ப்பு. மூன்றரை வருடத்தில் பேனல் ஒரு நாள்கூட என்னை நடுத்தெருவில் நிறுத்தவில்லை. நெஞ்சு, கை, முட்டி, இடுப்பு எதிலும் குறை இல்லை. குதிகாலின் மங்கலுக்கு இயற்பியல் காரணம், பேனல் காரணமில்லை. எல்லாம் தெரிகிறது. ஆனால் போன வாரம் பேட்டரி உப்பிப்போய் மாற்ற ஆள் வந்தார், அதே ஆள். வேலை முடித்துவிட்டு, டேபிளில் இருந்த பலகையைப் பார்த்து, "இது எதுக்கு சார்? டியூப் மாத்தலையா இன்னும்?" என்று கேட்டார். கேலிபரேஷன் பில்களும் வாங்க இருந்த டியூபும் வீட்டில் எடுத்த நகைப் பேச்சும் ஒரே நேரத்தில் தலைக்கேறின. பேட்டரிக்குப் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஆரணிக்கு மெசேஜ் போட்டேன்: வாங்காதே.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "அட்வான்ஸ் நேத்தே குடுத்துட்டேன் மச்சி."

சரி. சரிவுப் பலகை 39 செ.மீ., பின் உயரம் 13 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல், பேனல் நழுவாமல் இருக்கக் கீழ் விளிம்பில் ஒரு சட்டம், முன்பக்கம் ஆணித்தலை வெளியே தெரியக் கூடாது. படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன்.